மதகுக்குக் கீழே

திருச்சி தில்லைநகரில் அந்த ஸ்கேன் சென்டர் முதல் மாடியில் இருந்தது. இருபத்திரண்டு படி. ஏறி முடித்ததும் தம்பி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றான். "மூச்சு வாங்குதாடா?" என்று கேட்டால், "இல்லக்கா, சும்மா" என்பான். அதனால் கேட்கவில்லை. படியை மட்டும் எண்ணிக்கொண்டேன்.

அவனுக்கு வயது 34. புது வேலைக்காக எடுத்த மருத்துவப் பரிசோதனையில் ஒரு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து, எடுத்து, மறுபடியும் வைத்து, "ஒரு சத்தம் வருதே, எக்கோ பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டார். முதல் எக்கோவில் இரண்டு விஷயம் தெரிந்தது. இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலில் உள்ள வால்வுக்கு மூன்று இதழ் இருக்க வேண்டும்; இவனுக்கு இரண்டுதான். பிறவியிலேயே அப்படி. நூறு பேரில் ஒருவர், இருவருக்கு இருக்குமாம். அந்த இரண்டு இதழும் தடித்துப்போய் வாசல் குறுகியிருக்கிறது. இரண்டாவது, அந்த வாசலுக்கு மேலே கிளம்பும் பெருந்தமனி (அயோர்டா) இருக்க வேண்டியதைவிட அகலமாக இருக்கிறது.

"ஏன் அகலமாச்சு?" என்று ரிப்போர்ட்டைப் படித்துச் சொன்னவரிடம் கேட்டேன். "வாசல் சுருங்கினா பிரஷர் ஏறும், குழாய் வீங்கும்மா" என்றார். கேட்டபோது சரியென்றுதான் பட்டது. சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் விடும்போதுதான் இடித்தது. ஹோஸை மிதித்தால் பருப்பது குழாயடிப் பக்கம். மிதித்த காலுக்கு அந்தப் பக்கம் தொய்ந்துதானே போகும்? தம்பிக்கு இடுக்கைத் தாண்டின பிறகல்லவா வீங்கியிருக்கிறது! ஆறு மாதம் கழித்து இரண்டாவது எக்கோவுக்கு வரச் சொன்னபோது, இந்தத் தடவை உள்ளே போய் நானே பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

கட்டணம் 1,800 ரூபாய். எங்களுக்கு முன்னால் பதினோரு பேர். சத்தம் இல்லாமல் ஓடிய டிவிக்குக் கீழே, பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் முழுக்கைச் சட்டையின் இடது கையை மட்டும் சுருட்டிவிட்டிருந்தார். முன்கையில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு நரம்பு, சாரைப்பாம்பு படுத்த மாதிரி. டயாலிசிஸ் எடுப்பவர். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பிஸ்டுலாம்மா. தொட்டுப் பாருங்க, ஒண்ணும் ஆகாது" என்று கையை நீட்டினார்.

விரலை வைத்ததும் வெடுக்கென்று எடுத்துவிட்டேன். நாடி மாதிரி இல்லை. விடாமல் ஒரு நடுக்கம், மடியில் படுத்த பூனை உறுமுவதைப் போல. (பிரெஞ்சு மருத்துவர் லேனெக், 1816-ல் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தவர், இந்த நடுக்கத்துக்குப் பூனை உறுமல் என்றே பெயர் வைத்தாராம். பின்னால் படித்தபோது சிரிப்பு வந்தது.) மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் நேராக இணைத்துத் தைத்துவிடுவார்கள். 1966-ல் நியூயார்க்கில் பிரெசியாவும் சிமினோவும் அவர்களோடு இருந்தவர்களும் வெளியிட்ட முறை. தமனியின் வேகமான ஓட்டம் மெல்லிய சிரைக்குள் பாய்ந்ததும் அது சில வாரத்தில் பருத்துக்கொள்ளும், ஊசி குத்தத் தோதாக. பெரியவருக்கு ஆப்பரேஷன் ஆனபோது அது ஈர்க்குச்சி கனம் இருந்ததாம். "ஆறு வாரத்துல இப்படி ஆயிருச்சு. இந்த நடுக்கம் நின்னாத்தான் ஓடியாரச் சொல்லியிருக்காங்க" என்றார். ஓட்டம் போய் மோதினால் குழாய் அகலமாகும் என்பதை அன்றைக்கு முதலில் காட்டியது அந்தக் கைதான். அவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

எக்கோ அறைக் குளிரில் பல் கிட்டியது. தம்பியை இடது பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல்லி நெஞ்சில் பசையைத் தடவினார் எக்கோ எடுக்கும் பெண். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. "அக்கா, அந்த ஸ்டூல்ல உக்காந்துக்கங்க. நடுவுல பேச்சுக் குடுக்காதீங்க, முடிச்சிட்டுச் சொல்றேன்." கறாராகத்தான் சொன்னார். ஆனால் மானிட்டரை ஒரு அரைச்சாண் என் பக்கம் திருப்பி வைத்தார்.

முதலில் கறுப்பு வெள்ளை. மேலிருந்து பார்க்கிற கோணத்தில் வால்வு தெரிந்தது. மூன்று இதழ் வால்வு மூடியிருக்கும்போது பென்ஸ் கார் சின்னம் போல இருக்கும் என்று எங்கேயோ படித்திருந்தேன். இவனுடையது திறந்தபோது மீன் வாய். ஒரு துடிப்புக்கு ஒரு தரம் அந்த வாய் பிளந்து மூடியது, பிளந்து மூடியது. முழுதாகத் திறக்கவேயில்லை.

பிறகு கலர் போட்டார். சிவப்பு, நெஞ்சில் வைத்த கருவியை நோக்கி வரும் ரத்தம். நீலம், விலகிப் போவது. இதய அறைக்குள் வரைக்கும் நிறம் ஒழுங்காக ஒரே பாங்காக இருந்தது. மீன் வாயைத் தாண்டினதும் மஞ்சள், பச்சை, நீலம், ஆரஞ்சு எல்லாம் கலந்து சிதறியது, கலர் கோலமாவுப் பொட்டலங்கள் ஒன்றாக அவிழ்ந்து கொட்டின மாதிரி. ஓட்டம் ஒரு திசையில் இல்லாமல் சுழிகளாக உடைந்தால் மிஷின் அப்படித்தான் காட்டுமாம்.

நான் விடாமல் பார்த்தது அந்தச் சிதறலை அல்ல, அதற்குள் இருந்த பீச்சலை. அது குழாயின் நடுவே நேராக மேலே போகவில்லை. சாய்ந்து போய் ஒரு பக்கச் சுவரில் அடித்தது. சுவரும் அந்தப் பக்கம்தான் வெளியே தள்ளியிருந்தது. எதிர்ப் பக்கம் ஓரளவு நேராக இருந்தது. வெறும் பிரஷர் தள்ளினால் எல்லாப் பக்கமும் சமமாகத்தானே தள்ளும்? ஒன்பதாம் வகுப்புப் பாடம்தான்.

அப்புறம் சத்தத்தைத் திறந்தார். நான் லப்-டப்பை எதிர்பார்த்தேன். வந்தது சீறல். குக்கர் விசில் வருவதற்கு முன் ஒரு இரைச்சல் விடுமே, அது, துடிப்புக்கு ஒன்றாக. திரையில் எண் வந்தது: விநாடிக்கு 3.4 மீட்டர். சாதாரண வால்வில் விநாடிக்கு ஒன்று, ஒன்றரை மீட்டர் போதும். மணிக்கு நாலைந்து கிலோமீட்டர், அதாவது நடக்கிற வேகம். தம்பியின் வாசலில் மணிக்கு 12 கிலோமீட்டர், சைக்கிள் மிதிக்கிற வேகம். நாலு மீட்டரைத் தொட்டால் கடுமையான சுருக்கம் என்பார்கள்.

அகலம் அளந்தார். வால்வு உட்காரும் வளையத்தில் 2.4 சென்டிமீட்டர். ரெண்டு விரற்கடை மேலே, பீச்சல் அடிக்கிற இடத்தில், 4.3. இன்னும் மேலே போய்க் குழாய் வளையத் தொடங்குகிற இடத்தில் மறுபடி 3.1. முன்னால் ஒல்லி, பின்னால் ஒல்லி, நடுவில் கத்தரிக்காய்.

டாக்டர் கூப்பிடும் வரைக்கும் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். வேகத்தின் வர்க்கத்தை நாலால் பெருக்கினால் வாசலின் இரண்டு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் வரும். எக்கோக்காரர்களின் வாய்ப்பாடு அது. 3.4 பெருக்கல் 3.4 பெருக்கல் 4: சுமார் 46. கையில் பார்த்த தம்பியின் பிரஷர் 120. அப்படியானால் இதய அறைக்குள் 160-க்கும் மேலே போக வேண்டும். அதாவது இடுக்குக்கு முன்னால் உள்ள அறைதான் கூடுதல் அழுத்தத்தைத் தாங்குகிறது. அங்கே வீக்கம் இல்லை, தசை தடித்துக்கொண்டிருக்கிறது. அழுத்தம் குறைந்த பக்கம்தான் அகன்றிருக்கிறது. பிரஷர் ஏறியதால் வீங்கியது என்ற பதிலை அந்த நாற்காலியிலேயே வைத்துவிட்டேன்.

உள்ளே இருந்த டாக்டர் வேறு பதில் சொன்னார். "இது பிறவியிலேயே சுவர் பலவீனம்மா. ரெண்டு இதழ் இருக்கறவங்களுக்கு அயோர்டாவும் அப்படித்தான் அமையும். ஓட்டத்தால இல்ல." பீச்சல் ஒரு பக்கம் சாய்ந்து அடிப்பதைப் பார்த்தேன் என்றேன். கண்ணாடிக்கு மேலே ஒரு தரம் என்னைப் பார்த்தார். "அதுவும் சொல்றாங்க. ரெண்டு கட்சியும் இருக்கு" என்று சிரித்தார். இப்போதைக்கு மருந்து, கட்டுப்பாடு, வருஷம் ஒரு எக்கோ. 5.5-ஐத் தொட்டால் அறுவை சிகிச்சை, குடும்பத்தில் யாருக்காவது தமனி கிழிந்திருந்தால் அதற்கும் முன்னாலேயே. தம்பியிடம் கனமான சாமான் தூக்கக் கூடாது என்றார். கிளம்பும்போது என்னைப் பார்த்து, "கூடப் பிறந்தவங்களும் ஒரு எக்கோ பாத்துக்கணும்" என்றார். தலையாட்டினேன்.

கீழே சர்ஜிக்கல் கடையில் ஒரு மீட்டர் ரப்பர் குழாய் வாங்கினேன், 90 ரூபாய். எதுக்கு என்று கடைக்காரர் கேட்டார். பசங்களுக்கு என்று சொல்லிவைத்தேன்.

ஊர் லால்குடிப் பக்கம். டவுன் பஸ்ஸில் எனக்கு இலவசம், தம்பிக்கு மட்டும்தான் காசு. ஆடி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. அவனை வீட்டில் விட்டுவிட்டு மதகடிக்கு நடந்தேன், அரைக் கிலோமீட்டர்.

சின்ன வயதிலிருந்து பார்த்த மதகுதான். அதன் கீழே குளிக்கக் கூடாது என்று அம்மா சொல்லுவாள், கசம் என்பாள். அன்றைக்குத்தான் அளவெடுக்கிற கண்ணோடு பார்த்தேன். ஷட்டருக்கு மேல்புறம் வாய்க்கால் பதினாலு தப்படி அகலம். கரை வரைக்கும் தண்ணீர், ஆனால் சத்தமே இல்லை. ஒரு வேப்பிலை மெதுவாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கரையில் அருகம்புல் ஒரு இழை கலையாமல் இருந்தது. ஷட்டர் கண் அஞ்சடி. அதைத் தாண்டினதும் நுரையும் சுழியுமாய்த் தண்ணீர், மட்டம் ரெண்டடி இறங்கிவிட்டிருந்தது. அங்கேதான் கரை இரண்டு பக்கமும் தின்னப்பட்டுக் குடம் மாதிரி அகன்றிருந்தது. கரையில் நின்று கண்ணால் அளந்தேன்: இருபத்துமூணு தப்படி இருக்கும். இன்னும் முப்பது தப்படி கீழே போனால் சுழி அடங்கிவிடுகிறது. வாய்க்காலும் பழைய பதினாலுக்கு வந்துவிடுகிறது.

ஆழமும் அழுத்தமும் இருக்கிற மேல்புறத்தில் கரை பத்திரம். மட்டம் இறங்கின கீழ்ப்புறத்தில் அரிப்பு. மதியம் மானிட்டரில் பார்த்த அதே கத்தரிக்காய்.

மதகைத் திறந்து மூடும் லஸ்கர் பெரியவர் ஷட்டர் மேடையில் பீடியோடு உட்கார்ந்திருந்தார். "எப்பவுமே இப்படித்தான் அரிக்குமாய்யா?" என்று கேட்டேன்.

"முழுசா தொறந்துட்டா அரிக்காது தாயி. தண்ணி பாட்டுக்கு வழுக்கிட்டுப் போயிரும், சத்தமே கேக்காது. சுத்தமா மூடிட்டாலும் ஒண்ணுமில்ல. இப்படி ஒரு சாண் ரெண்டு சாண் தூக்கி விடுறமே, அப்பத்தான் கரையைக் கொத்தும். மொற வச்சு விடுறதால பாதி நாளு அப்படித்தான்."

எனக்குச் சிலிர்த்தது. 1916-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் நாய்களின் பெருந்தமனியில் உலோகப் பட்டை போட்டு இறுக்கிப் பார்த்து எழுதியதும் இதைத்தான். சிலருக்குக் கழுத்தில் கூடுதலாக ஒரு விலா எலும்பு இருக்கும். அது கைக்குப் போகிற தமனியை நெரித்தால், நெரித்த இடத்தைத் தாண்டின பிறகு தமனி பருத்திருப்பதை மருத்துவர்கள் கண்டிருந்தார்கள். அதற்குக் காரணம் தேடப் போனவர் அவர். பட்டையை லேசாகப் போட்டால் ஒன்றும் ஆகவில்லை. முழுக்க அடைத்தாலும் ஆகவில்லை. பாதி இறுக்கலில்தான் பட்டைக்குக் கீழே தமனி அகன்றது. பீடி பிடிக்கும் லஸ்கருக்கு ஹால்ஸ்டெட் யாரென்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

மதகின் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். மேல்புறச் சுவர் சும்மா இருந்தது, குளிர்ச்சியாக. கீழ்ப்புறச் சுவர் அதிர்ந்தது, கையில் எறும்பு ஊர்கிற மாதிரி விடாமல். காலையில் டயாலிசிஸ் பெரியவர் கையில் தொட்ட அதே உறுமல்.

வீட்டுக்கு வந்து ரப்பர் குழாயோடு குழாயடிக்குப் போனேன். முதலில் குழாயை மட்டும் லேசாகத் திறந்து பார்த்தேன்: தண்ணீர் கண்ணாடிக் கம்பியாக, அசையாமல் விழுந்தது. இன்னும் திருகினால் ஒரு கட்டத்தில் சட்டென்று வெளுத்து, முறுக்கிக்கொண்டு, இரைந்தது. மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883-ல் கண்ணாடிக் குழாய்க்குள் சாய நூலை ஓடவிட்டு இந்தக் கட்டத்தைத்தான் கண்டுபிடித்தார். வேகம், குழாயின் அகலம், திரவத்தின் பாகுத்தன்மை எல்லாம் சேர்ந்து ஒரு எண்ணாக வரும், அது சுமார் 2,000-ஐத் தாண்டினால் நூல் கலையத் தொடங்கும். ரத்தசோகை உள்ளவர்களுக்கு வால்வு நன்றாக இருந்தாலும் நெஞ்சில் சத்தம் கேட்பது இதனால்தான். ரத்தம் நீர்த்துப்போனால் எளிதில் கலைந்துவிடும்.

பிறகு ரப்பர் குழாயை மாட்டி, அதன் நடுவில் பூக்கட்டும் நூலால் ஒரு சுருக்குப் போட்டு இறுக்கினேன். சுருக்குக்கு முன்னால் விரலை வைத்தால் ஒன்றுமில்லை, கொஞ்சம் விம்மி இருந்தது. நூலைத் தாண்டி ஒரு விரற்கடை: நடுக்கம். நாலு விரற்கடை: குறைவு. ஒரு சாண் தள்ளி: இல்லை. நூலை இன்னும் இறுக்கித் தண்ணீர் சொட்டாக ஆனதும் நடுக்கம் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். குழாய் அகலமாகவில்லை, தண்ணீர்த் தொட்டிதான் காலியானது. அம்மா திட்டினாள்.

ரப்பர் ஒரு மணி நேரத்தில் தளராது, தமனிச் சுவரும் தளராது. நாளும் வாரமும் ஆகும். கனடாவில் மார்கோ ரோச் என்ற பெண் மருத்துவர், இயற்பியலும் படித்தவர், 1963-ல் நாய்களின் கால், கழுத்துத் தமனிகளை இறுக்கி வைத்து நாள்கணக்கில் கவனித்தார். இறுக்கத்துக்கு அப்பால் இரைச்சல் கேட்ட தமனிகள்தான் அகன்றன. சத்தம் இல்லாதவை அகலவில்லை. தமனிச் சுவரில் எலாஸ்டின் என்ற இழை ரப்பர் மாதிரி நீண்டு சுருங்கும். கொலாஜன் கயிறு மாதிரி, ஓரளவுக்கு மேல் விட்டுக்கொடுக்காது. விடாத நடுக்கத்தில் ரப்பர் இழைகளின் பிடிப்பு தளர்ந்துபோகிறது என்பது அவர் கணிப்பு. இறுக்கத்தை எடுத்துவிட்டால் தமனி பழைய அளவுக்குத் திரும்புவதையும் 1970-ல் காட்டினார்.

மதகு உவமை இதற்கு மேல் வராது. கரை மண், தண்ணீர் கொத்தினால் கரையும், அவ்வளவுதான். தமனிக்கு உயிர் இருக்கிறது. உள்சுவரில் ஓட்டத்தை உணரும் செல்களின் வரிசை இருக்கிறது. உரசல் கூடினால் அவை நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து சுவரின் தசையைத் தளர்த்தும். நாள் ஆனால் இழைகளை வெட்டும் நொதிகளும் சேரும். டயாலிசிஸ் பெரியவரின் நரம்பு பருத்தது பெரும்பாலும் இந்த வழியில். அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்த இரண்டு இதழ்க்காரர்களின் பெருந்தமனித் துண்டுகளைச் சோதித்த ஆய்வு ஒன்று 2015-ல் வந்தது: ஒரே ஆளின் தமனியில், ஓட்டம் அதிகம் உரசிய பக்கத்தில் எலாஸ்டின் மெலிந்து அறுந்திருந்தது, மற்றப் பக்கத்தில் அவ்வளவு இல்லை. பிறவிச் சுவர் மட்டும்தான் காரணமென்றால் இந்தப் பக்கபேதம் எதற்கு? அதே சமயம், வாசல் துளிகூடச் சுருங்காத இரண்டு இதழ்க்காரர்களுக்கும் தமனி அகல்வதுண்டு. டாக்டர் சொன்னதில் பாதி அங்கே நிற்கிறது. மண் இளகின கரையில் சுழி மோதுகிறது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அகன்ற பிறகுதான் பிரஷருக்கு வேலை: விட்டம் கூடக் கூட, அதே 120-க்கும் சுவர் தாங்க வேண்டிய இழுவை கூடிக்கொண்டே போகும்.

அடுத்த வாரம் ரிப்போர்ட் நகல் வாங்கத் தில்லைநகருக்கு நான் மட்டும் போனேன். அதே இருபத்திரண்டு படி. நகலுக்கு 50 ரூபாய். வாங்கிக்கொண்டு திரும்பினவள், தலையாட்டிவிட்டு வந்தது ஞாபகம் வந்து, கவுன்டரில் மறுபடி 1,800 கட்டினேன். அதே பெண்தான். "என்னக்கா, இன்னைக்கு நீங்களா?" என்று பசையைத் தடவினார். மானிட்டரை இந்தத் தடவை முழுசாகவே திருப்பி வைத்தார். கலர் போட்டபோது கோலமாவு சிதறவில்லை. சத்தத்தைத் திறந்தபோது சீறல் இல்லை, மெல்லிய ஊதல் மட்டும். விநாடிக்கு 1.2 மீட்டர்.

எனக்கு மூன்று இதழ். தமனி 3.0 சென்டிமீட்டர். அம்மாவுக்கு வருகிற புதன்கிழமை பத்தரை மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.